பெவிண்டிங் என்ற சொல்லும் அப்பாவின் பெப்பர்மின்ட்டும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மொழி ஆசிரியர் வெர்ஹாகே அவர்களே! கறுப்புக் கோட்டும் கனிந்த முகமுமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் சபை மூப்பர்களே! அவர்களுள், ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி எங்கள் ஆன்மாவின் நலம் விசாரிக்கும் மூப்பர் கிரைன் க்விஸ்ட் அவர்களே! வெங்காய வயலை விட்டும் சிப்பிப் படகை விட்டும், கை கழுவியும் வாசம் போகாமல் வந்து அமர்ந்திருக்கும் தந்தையரே! ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கும் தொப்பியை வெள்ளிக்கிழமையே எடுத்து அணிந்து வந்து இந்தப் பள்ளி மண்டபத்தைப் பெருமைப்படுத்தியிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கெல்லாம் பின்னால், கடைசி வரிசையில், கதவை ஒட்டி, சட்டென்று எழுந்து போக வசதியான நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் என் அம்மாவே! நான் தடுமாறினால் அடுத்த வாரம் முழுக்கச் சிரிக்கலாம் என்று காத்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும், மரினுஸ் மூர்லண்டின் மகள் மாட்யேயின் நடுங்கும் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்குப் பயம்தான். இந்த உரையை நான் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. ஆசிரியருக்குக்கூட முதல் பக்கத்தை மட்டும்தான் காட்டினேன். பயப்படாதவள் அப்படிச் செய்வாளா?

ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்து அது பிறந்த கதையைச் சொல்ல வேண்டும் என்பது இன்றைய போட்டி. எனக்கு முன்னால் பேசிய ஆட்ரியான் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டான். மண்ணுக்குள் விளையும் ஆப்பிள் என்று நம் முன்னோர் அதற்குப் பெயர் வைத்த கதையைச் சொன்னான். நீங்களும் கை வலிக்கக் கை தட்டினீர்கள். புத்திசாலிப் பையன்! உருளைக்கிழங்கைப் பேசினால் யாருக்கு மனம் நோகும்? உருளைக்கிழங்கைப் பேசினால் எந்த மூப்பர் புருவத்தை உயர்த்துவார்? ஆனால் நான் எடுத்துக்கொண்ட சொல்லோ, நம் தோலென் தீவில் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிற சொல். பெவிண்டிங்!

பார்த்தீர்களா? சொன்னதுமே மண்டபம் அமைதியாகிவிட்டது.

நம் ஊரில் பிறந்த யாருக்கும் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கடவுள் ஒரு மனிதனுடைய உள்ளத்தில் இறங்கிச் செய்த வேலையை அந்த மனிதனே உணர்ந்து, அறிந்து, அனுபவித்திருப்பது பெவிண்டிங். பத்துக் கட்டளைகளையும் மனப்பாடமாகச் சொல்லலாம். அது பெவிண்டிங் ஆகாது. ஞாயிறு தவறாமல் இரண்டு ஆராதனைக்கும் வரலாம். அது பெவிண்டிங் ஆகாது. உள்ளே ஒன்று நடந்திருக்க வேண்டும். நடந்ததை எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் இறந்துபோனால் நாம் முதலில் கேட்பது என்ன? எப்படி இறந்தார் என்பதா? பிள்ளைகள் எத்தனை பேர் என்பதா? இல்லை! "அவருக்கு நம்பிக்கை உண்டா?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி, அவரிடம் பெவிண்டிங் இருந்ததா என்பதுதான்.

இவ்வளவு கனமான இந்தச் சொல் எங்கே பிறந்தது? ஆலயத்திலா? பிரசங்க மேடையிலா? வானத்திலிருந்து விழுந்ததா?

இல்லை, பெரியோர்களே! இந்தச் சொல்லின் தாய் ஒரு வேலைக்காரச் சொல். 'வின்டென்'. கண்டுபிடிப்பது. காணாமல் போன கத்தரிக்கோலைத் தேடிக் கண்டுபிடிக்கிறோமே, அதே சொல். அதன் முன்னால் ஒரு சின்ன அசை ஒட்டிக்கொண்டு 'பெவின்டென்' ஆனது. சும்மா கண்ணில் படுவதை அது குறிக்கவில்லை. நேரில் போய், தொட்டு, ஆராய்ந்து, இப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதைக் குறித்தது. இன்றும் மருத்துவர் நம் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, தாம் கண்டதை எழுதுகிறாரே, அதற்கும் இதே சொல்தான்.

பதினேழாம் நூற்றாண்டில், நம் நாட்டு ஆட்சியாளர்களின் கட்டளைப்படி, மூல மொழிகளிலிருந்து வேதத்தை நம் மொழிக்குக் கொண்டுவர அறிஞர்கள் கூடி உட்கார்ந்தார்கள். அப்போது அப்போஸ்தலரின் ஒரு வரியில் அவர்கள் கையில் ஒரு கிரேக்கச் சொல் வந்து சேர்ந்தது. சோதனையில் தேறிய தன்மை என்று அதற்குப் பொருள். நாணயத்தை உரசிப் பார்த்து நல்ல நாணயம்தான் என்று ஒப்புக்கொள்வதோடு உறவுடைய சொல் அது. அதற்கு நம் மொழியில் என்ன வைப்பது? அவர்கள் வைத்த சொல் பெவிண்டிங்.

சோதித்துக் கண்டது! நெருப்பில் வைத்துப் பார்த்தது! தாங்குமா என்று பார்த்தபோது தாங்கி நின்றது!

இதை ஆசிரியர் கொடுத்த அகராதியில் படித்தபோது எனக்கு என் அப்பாவின் படகு நினைவுக்கு வந்தது.

என் அப்பா மரினுஸைத் தெரியாதவர்கள் இந்த மண்டபத்தில் இல்லை. ஊஸ்டர்ஸ்கெல்டே கடற்கழியில் சிப்பி எடுத்தவர். பேச்சு குறைவு. பாட்டு உண்டு, அதுவும் சுருதி சேராது. ஆர்கன் வாசிக்கும் ஐயா அதோ தலையாட்டுகிறார்! நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கரையில் கட்டியிருந்த படகில் அப்பா ஒரு வாளிச் சிப்பியை அள்ளி அறைக்குள்ளே அடுப்பில் ஏற்றினார். விற்பதற்கு முன்னால் சரக்கு எப்படி என்று பார்க்க அப்படி வேகவைப்பது வழக்கம். நான் வாளியில் கையை விட்டு, பெரிதாகவும் கறுப்பாகவும் பளபளவென்றும் இருந்த ஒரு சிப்பியை எடுத்து நீட்டினேன்.

"அப்பா, இதுதானே நல்லது?"

"எதுக்கு நல்லதுங்கற?"

"எவ்ளோ பெரிசா இருக்கு, பாருங்க!"

"அப்படிச் சொல்லித்தான் எங்கிட்டயே ஏமாத்தி விப்பானுங்க. ஓட்டப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது கண்ணு. அடுப்புல ஏத்தணும். சூடு பிடிக்கணும். அப்ப தன்னால வாயத் திறக்கும். உள்ள சதை இருக்கா, சேறு இருக்கான்னு அப்பத்தான் தெரியும்."

"திறக்கலன்னா?"

"தூக்கிப் போடணும்னு உங்கம்மா சொல்லுவா."

"நீங்க?"

"நான் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல விட்டுப் பாப்பேன்."

இதுதான், அவையோரே, இதுதான்! அறிஞர்கள் கிரேக்கத்தில் படித்ததும் என் அப்பா அடுப்பின் முன்னால் சொன்னதும் ஒன்றுதான். சூடு முதலில். திறப்பது பிறகு. அப்போஸ்தலரும் அந்த வரிசையில்தான் அடுக்குகிறார். துன்பம் வந்தது, துன்பத்திலிருந்து பொறுமை பிறந்தது, பொறுமையிலிருந்து பெவிண்டிங் பிறந்தது, பெவிண்டிங்கிலிருந்து நம்பிக்கை பிறந்தது. கவனியுங்கள் தாய்மார்களே, பெவிண்டிங் வாசற்படியில் நிற்கவில்லை. வீட்டுக்குள்ளே, வெகு உள்ளே, பொறுமையின் அறையைக் கடந்துதான் நிற்கிறது.

பிறகு என்ன நடந்தது? காலம் நடந்தது. நம் முன்னோர் வீடுகளில் கூடினார்கள். காப்பியை ஊற்றிக்கொண்டு, கடவுள் எனக்கு இப்படிச் செய்தார், உனக்கு எப்படிச் செய்தார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அழுதார்கள், ஆறுதல் கொண்டார்கள். அது அழகான பழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சொல்லச் சொல்ல, கேட்கக் கேட்க, அந்தச் சொல் மெல்ல மெல்ல நகர்ந்தது. சோதனையில் தாங்கி நின்றதைக் குறித்த சொல், உள்ளே நடந்ததைச் சொல்லும் கதையைக் குறிக்கும் சொல் ஆயிற்று. கதை உள்ளவர் உள்ளே, கதை இல்லாதவர் வெளியே. உள் அறையில் இருந்த சொல்லை நாம் தூக்கி வந்து வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டோம்.

மூப்பர் ஐயா என்னைப் பார்க்கிறார். ஐயா, நான் போதிக்க வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை, ஆசையும் இல்லை. ஒரு சொல்லின் கதையைச் சொல்ல வந்தேன். ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு மீதிக் கதையைச் சொன்னால் அது பொய்க் கதை ஆகிவிடும்.

வரப்போகும் ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. நம் சபையில் அன்று என்ன நடக்கும்? முன்னால் நீண்ட மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி. ரொட்டி, திராட்சை ரசம். மேசையைச் சுற்றி இருக்கைகள். அத்தனை பேர் நிறைந்த ஆலயத்தில் அந்த மேசைக்குப் போவது யார்? எண்ணிவிடலாம். விரல்களே மிஞ்சும். மற்றவர்களாகிய நாம் எல்லோரும் பெஞ்சிலேயே உட்கார்ந்து, வெள்ளைத் துணி மூடிய வெற்றிடத்தைப் பார்த்தபடி வேதத்தில் உள்ள சங்கீதப் பாடல்களைப் பாடுகிறோம். தகுதி இல்லாமல் உண்டுவிடுவோமோ என்ற அச்சம். பெவிண்டிங் இருக்கிறதா என்ற ஐயம். அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். புனிதமானதைத் தொடக் கை கூசுவது கெட்ட குணம் அல்ல.

ஆனால் இன்னொன்றும் நடக்கிறது அல்லவா? யாராவது புதிதாக எழுந்தால்? நம் ஆலயத்துப் பெஞ்சுகளைப் பற்றித் தச்சர் ஐயாவுக்குத் தெரியும். உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் அலறும். அந்த அலறல் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? திரும்புகிறோம்! கீழே தாய்மார்களின் தொப்பிகள் எல்லாம் காற்று மாறிய காற்றாலைகளைப் போல ஒரே வீச்சில் திரும்பும். மாடியில் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். நமக்கு அது பழக்கம். யாரென்று தெரிந்துகொள்ளும் ஆசை. அவ்வளவுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை.

கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாத அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் என் அப்பா எழுந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்குக் கக்குவான் இருமல். அம்மா அவனோடு வீட்டில் இருந்துவிட்டார். அப்பாவும் நானும் மட்டும் ஆலயத்துக்குப் போனோம். பிரசங்கம் முடிந்தது. திருவிருந்து மேசைக்கு வர அழைப்பு வந்தது. ஆர்கன் ஒலித்தது. நம் பழைய முறைப்படி ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு முழு மூச்சு என்று சங்கீதம் மெதுவாக நகர்ந்தது. என் பக்கத்தில் பெஞ்சு அலறியது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

தொப்பிகள் திரும்பின. ஒரு வரிசை, இரண்டு வரிசை, எல்லா வரிசையும். பாட்டு பாதியில் தேய்ந்தது. ஆர்கன் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா அந்த முகங்களைப் பார்த்தார். அப்புறம் கோட்டுப் பையில் கையை விட்டார். எதையோ தேடினார். இடது பை, வலது பை, உள் பை. தேடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் என் கையில் இருந்த பெப்பர்மின்ட் மிட்டாய்ச் சுருளை நீட்டினேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு முன்னால் இருந்த தொப்பிகள் குலுங்கின. முதலில் ஒன்று, பிறகு பல. சிரிப்பை அடக்கும்போது தொப்பி காட்டிக் கொடுத்துவிடும்.

நம் ஊரில் பிரசங்கத்தின் ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் பெப்பர்மின்ட் பெஞ்சு முழுக்கக் கை மாறிக் கை மாறிப் போகுமே! மூன்று பகுதிக்குப் பிறகும் போதாமல், திருவிருந்தின் நடுவில் எழுந்து நின்று பெப்பர்மின்ட் தேடிய மனிதர் என்று அப்பாவுக்குப் பெயர் ஆயிற்று. துறையில் யாராவது சட்டைப் பையைத் தடவினால் போதும்.

"என்ன மாப்ள, மரினுஸ் மாதிரி மிட்டாய் தேடறியா?"

"மேசையப் பாத்தா எனக்கும்தான் வாய் ஊறுது!"

அப்பாவும் கூடச் சிரிப்பார்.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் படகிலிருந்து தவறி விழுந்தார். மறுநாள்தான் கிடைத்தார். அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் காப்பியும் இலவங்கப்பட்டைச் சர்க்கரை ஒட்டிய போலஸ் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தீர்கள். நான் தட்டை ஏந்திக்கொண்டு போனேன். பின்னறையில் இரண்டு அத்தைமார் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ரொட்டி வாங்கியவர்கள் பலர், அதனால் யாரும் நெளிய வேண்டாம்.

"என்னடி, மரினுஸுக்கு நம்பிக்கை உண்டா?"

"எங்க உண்டு? அன்னைக்கு எந்திரிச்சப்ப எனக்கே புல்லரிச்சுப் போச்சு, இந்த மனுஷனுக்குள்ள இவ்ளோ இருந்துச்சான்னு. கடைசில பாத்தா மிட்டாய்!"

"சும்மா இரு, பிள்ள நிக்குது. இங்க வா தங்கம், இன்னொரு ரொட்டி குடு."

கொடுத்தேன். எனக்குப் புரியவில்லை, நம்பிக்கை என்றால் மரித்தோர் கையில் கொடுத்தனுப்பும் ஏதோ பொருள் என்று நினைத்தேன்.

அந்தப் பேச்சு அம்மாவின் காதுக்கும் போயிருக்கிறது என்று எனக்குப் போன வாரம் வரை தெரியாது. போன வாரம் மூப்பர் க்விஸ்ட் ஐயா அம்மாவிடம் பேச எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பக்கத்து அறையில் இதே சொல்லை அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தவில்லை. ஐயா, நடந்ததை நான் கூட்டிச் சொன்னால் என்னைத் திருத்துங்கள்.

"பீட்டர்நெல்லா, வர்ற ஞாயிறு திருவிருந்து. போன தடவையும் கேட்டேன். அதுக்கு முந்தியும் கேட்டேன். ரெண்டு தடவையும் காப்பிதான் கிடைச்சுது, பதில் கிடைக்கல."

"காப்பி இன்னும் இருக்கு மூப்பரே. ஊத்தவா?"

"பதில ஊத்தும்மா."

"எங்கிட்டச் சொல்ல என்ன இருக்கு? வெளிச்சம் எதுவும் தெரியல. குரல் எதுவும் கேக்கல. விடிஞ்சா வேலைக்கு ஓடறேன். பொழுது சாஞ்சா பிள்ளைங்களுக்கு வேதம் வாசிக்கறேன். அவரு போனப்புறம் ஒரு நாளும் ஜெபத்த விட்டதில்ல. ஆனா ஒரு நாளும் பெரிசா ஒண்ணும் நடக்கல. இதப் போயி பெவிண்டிங்னு யாருகிட்டச் சொல்றது?"

"ஆசை இருக்கா?"

"ஆசை இல்லாமத்தான் ஒவ்வொரு தடவையும் கண்ணத் தொடச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றேனா?"

"அப்ப உன்னத் தடுக்கறது யாரு?"

அம்மாவின் கோப்பைக்குள் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"மரினுஸ்."

"அவனா? அவன் போயி எவ்ளோ நாளாச்சு!"

"என் கூட வாழ்ந்த மனுஷன் போகாத இடம் அது. அவரு எந்திரிச்சது மிட்டாய்க்குன்னு ஊரே சொல்லுது. அவர வெளிய நிக்க வச்சிட்டு நான் மட்டும் உள்ள போயி உக்காந்து சாப்பிடவா? என்னால ஆகாது மூப்பரே."

நீங்கள், ஐயா, கையில் இருந்த தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் கண்ணும் ஈரமாக இருந்தது. அதற்காக உங்களுக்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

இனி நான் சொல்லப் போவது அகராதியில் இல்லை. ஆசிரியருக்குக் காட்டிய முதல் பக்கத்தில் இல்லை. அம்மாவிடமும் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டியது என்று அந்தக் கோப்பைச் சத்தம் கேட்கும் வரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பாவை நோக்கிச் சிரித்தது ஊர். அதனால் ஊர் கேட்கச் சொல்கிறேன்.

பெரியோர்களே! தாய்மார்களே! என் அப்பா பையில் தேடினார் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். உண்மை. நானும் பார்த்தேன். ஆனால் அந்தப் பையில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டீர்களா?

ஒன்றும் இல்லை!

எங்கள் வீட்டில் பெப்பர்மின்ட் எப்போதும் அப்பாவிடம்தான் இருக்கும். நாங்கள் கேட்டாலும் தர மாட்டார். தம்பியும் நானும் முதல் பகுதியிலேயே தீர்த்துவிடுவோமே! அன்று காலை ஆலய வாசலில், உள்ளே நுழைவதற்கு முன்னால், அப்பா குனிந்து அந்தச் சுருளை என் கையில் வைத்தார். பிரிக்காத, புதுச் சுருள்.

"இன்னைக்கு நீ வச்சுக்கோ."

"எனக்கா? முழுசுமா?"

"முழுசும்."

"உங்களுக்கு?"

"அப்பாவுக்கு இன்னைக்கு வாய் காலியா இருக்கணும் கண்ணு."

முதல் பகுதியில் நான் நீட்டினேன். அப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். இரண்டாம் பகுதியில் நீட்டினேன், வேண்டாம் என்றார். மூன்றாம் பகுதியிலும் வேண்டாம் என்றார். பெப்பர்மின்ட் தேடியா அந்த மனிதர் எழுந்தார்? தன் கையாலேயே அதைக் கொடுத்துவிட்டு வந்தவரா தேடுவார்? பக்கத்திலேயே இருப்பதை மூன்று முறை மறுத்தவரா எழுந்து நின்று தேடுவார்? அவர் மேசைக்குத்தான் எழுந்தார்! வெள்ளைத் துணி விரித்த அந்த மேசைக்குத்தான் எழுந்தார்! ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தனை முகங்களுக்கு நடுவே, தன்னிடம் எடுத்துச் சொல்ல ஒரு கதையும் இல்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். ஒரு மனிதன் நின்றுகொண்டிருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே! அதனால் காலியான பையைத் தேடினார்.

நான் சுருளை நீட்டினேன். மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அவர் கண்ணில் நீர் வந்தது. பெப்பர்மின்ட் காரம் என்று நினைத்தேன்.

அம்மா! உன்னைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அப்பா வெளியே நிற்கவில்லை. நீ அவரை வெளியே விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. எழுந்தாரே, அதிலேயே அவர் பாதி வழி போய்விட்டார், அம்மா.

உங்களில் பலர் தலை குனிந்திருக்கிறீர்கள். வேண்டாம். இதைச் சொன்னது யாரையும் குத்துவதற்காக அல்ல. சிரித்த தொப்பிகளில் சில, அப்பா கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவின, பால் காய்ச்சின, தம்பியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டன. அதை நான் மறக்கவில்லை.

நான் ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்தேன். அதற்கே திரும்புகிறேன். பெவிண்டிங் என்பது சோதித்துக் கண்டது. அப்படியென்றால் கணவரைக் கடல் கொண்டுபோன பிறகும் ஒரு நாள் விடாமல் ஜெபித்துவிட்டு, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறாளே ஒரு பெண், அவளிடம் இருப்பதற்குப் பெயர் என்ன? அடுப்பின் சூட்டில் இத்தனை காலம் இருந்தும் வெடித்துவிடாத ஓட்டுக்குள் இருப்பதற்குப் பெயர் என்ன? அதற்குப் பதில் சொல்ல நான் யார்? மூப்பர்கள் இருக்கிறார்கள், போதகர் இருக்கிறார், எல்லாருக்கும் மேலே கடவுள் இருக்கிறார். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாய் திறக்காத சிப்பியைத் தூக்கி எறிவதற்கு முன்னால், என் அப்பாவைப் போல இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோளும் உண்டு. உருளைக்கிழங்குக்குக் கொடுத்த கைதட்டல் எனக்கு வேண்டாம். பரிசும் வேண்டாம், ஆட்ரியான் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது இது. வரும் ஞாயிறு எங்கேயாவது ஒரு பெஞ்சு அலறினால் திரும்பாதீர்கள். யார் என்று பார்க்காதீர்கள். கண் சங்கீதப் புத்தகத்தில் இருக்கட்டும். பாட்டு தேயாமல் இருக்கட்டும்; சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. எழுந்தவர் நடக்கட்டும். நடப்பவர் போய்ச் சேரட்டும். போகாமல் உட்கார்ந்தாலும் உட்காரட்டும். பையில் தேட வேண்டிய அவசியம் அவருக்கு வராமல் இருக்கட்டும்! மேசையைப் போட்டவர் பார்த்துக்கொள்வார். நாம் பார்க்க வேண்டாம்.

அம்மா, ஞாயிறு காலை ஆலய வாசலில் உன் பக்கத்தில் நிற்பேன். இப்போதெல்லாம் பெப்பர்மின்ட் சுருள் உன் கைப்பையில்தான் இருக்கிறது. என் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஏன் என்று இந்த முறை கேட்க மாட்டேன். கொடுக்காவிட்டாலும் நீ என் அம்மாதான்.

முடிக்கிறேன். பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கு...

ஒரு நிமிடம்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. எல்லோருக்கும் கேட்டது. யாரும் திரும்ப வேண்டாம். தயவுசெய்து. மேடையில் உங்களை நோக்கி நிற்பதால் என் கண்ணுக்குத் தெரிகிறது. அதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

நீங்கள் திரும்பவில்லை. ஒரு தொப்பிகூட அசையவில்லை. முன்வரிசையில் மூப்பர் ஐயா கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் கழுத்தை அசைக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

கதவு எழுந்தவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் கதவுப் பக்கம் போகவில்லை.

பேச இடம் தந்த தலைவர் அவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், திரும்பாமல் இருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. நடு வழியில் நாற்காலிகளுக்கு இடையே முன்னோக்கி வந்துகொண்டிருக்கும் என் அம்மாவுக்கு என் வணக்கம்.